மனுவும் வாடகையும் மரபுரிமையும்: ஜார்ஜ்டவுன் வரலாற்றில் குடியிருப்போரின் பங்கு

முன்னுரை

ஒரு நகரத்தின் வரலாறு பெரும்பாலும் அதனை நிறுவியவர், ஆண்டவர், கட்டடம் எழுப்பியவர் ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அந்நகரில் குடியிருந்தோர் மக்கள்தொகை அட்டவணைகளில் எண்களாகவும், திருவிழா வருணனைகளில் கூட்டமாகவும் வந்து போவர். பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரமும் இதற்கு விலக்கன்று. 1786 ஆகஸ்டு மாதத்தில் பிரான்சிஸ் லைட் கொடியேற்றிய நிகழ்ச்சியிலிருந்து 2008 ஜூலை 7-ஆம் நாள் யுனெஸ்கோ அந்நகரை மலாக்காவுடன் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றிய நிகழ்ச்சி வரை, அதன் வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. ஆயின், அந்நகரின் பொதுக்காரியங்களில் அங்குக் குடியிருந்தோர்க்கு எப்பொழுது வாய் திறக்க வழியிருந்தது, எப்பொழுது அவ்வழி அடைபட்டது என்னும் வினா தனித்து ஆராயப்பட்டது குறைவே. இக்கட்டுரை அவ்வினாவைத் தொட்டுச் செல்கிறது. உலக மரபுரிமைத் தகுதி எதனை நம்பி வழங்கப்பட்டதோ, அந்தக் குடியிருப்பு அத்தகுதி வருவதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னரே குலையத் தொடங்கிவிட்டது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

'குடியிருப்போர்' யார் என்பதே இந்நகரில் தொடக்கம் முதல் தெளிவற்ற ஒன்றாக இருந்துள்ளது. 1794-இல் லைட் எழுதிய அறிக்கையொன்றில் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து வந்த சூலியாக்களை நகரின் இரண்டாம் வகுப்புக் குடிகளாகக் குறிக்கிறார். அங்காடியில் நிலைத்தவர்கள் சுமார் 1,000 பேர் என்றும், ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து சில மாதங்கள் உழைத்துத் திரும்புகின்றனர் என்றும் அவர் கணக்கிடுகிறார். தங்கியவரைவிட வந்து போனவர் தொகை மிகுதி. ஆயினும் அந்தச் சிறுபான்மையாகிய ஆயிரவரே நிலம் கேட்டனர், பள்ளிவாசலும் கோயிலும் எழுப்பினர், தம் வழக்குகளை அரசிடம் கொண்டு சென்றனர். ஊரில் பங்கு கொள்வதற்கு ஊரில் வேர் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு பழஞ்சான்று.

அறநிலமும் அதன் குடிகளும்

1801-இல் துணை ஆளுநர் ஜார்ஜ் லெய்த், நகரின் தென்னெல்லையில் 18 ஏக்கர் நிலத்தைப் பள்ளிவாசலுக்கென ஒதுக்கினார். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த வணிகரும் தென்னிந்தியச் சமூகத்தின் கப்பித்தானுமாகிய காதர் முகைதீன் அந்நிலத்தில் எழுப்பிய பள்ளியே இன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எனப்படுகிறது. லெபோ சூலியாவில் நாகூர் ஆண்டவர் பெயரால் அமைந்த தர்கா 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்தது. லெபோ குவீன் மகாமாரியம்மன் கோயிலுக்கு 1833-ஆம் ஆண்டைக் குறிப்பர்.

இவற்றைக் கட்டடக்கலை வரலாற்றின் சின்னங்களாக மட்டும் காண்பது நம் வழக்கம். உண்மையில் இவை நிலவுடைமை நிறுவனங்களுமாகும். பள்ளிவாசலைச் சூழ்ந்த அறநிலத்தில் வீடுகள் அமைந்தன. அவற்றில் குடியிருந்தோர் வாடகை செலுத்தினர். அவ்வாடகை விளக்குக்கும் கந்தூரிக்கும் பழுதுபார்ப்புக்கும் சென்றது. குடியிருப்பவர், நிலத்தை நிருவகிப்பவர், தொழுபவர் ஆகிய மூவரும் ஒரே சமூகத்தவர். கணக்கில் குறை கண்டால் அதனைக் கேட்கும் உரிமையும் அந்தச் சமூகத்தவர்க்கே இருந்தது. அந்நிருவாகத்தை மிகையாகப் புகழ வேண்டியதில்லை. பொறுப்பாளர்களுக்குள் பூசல் இருந்தது, வழக்குகள் இருந்தன. பூசலும் ஒரு வகைப் பங்கேற்பே.

1905-ஆம் ஆண்டின் சட்டத்தின் வழி நிறுவப்பெற்ற முகம்மதிய, இந்து அறநிலைய வாரியம் இந்நிலையை மாற்றியது. அறச்சொத்துகளின் நிருவாகம் சமூகப் பொறுப்பாளரிடமிருந்து அரசு அமைத்த வாரியத்திற்குச் சென்றது. கணக்கு ஒழுங்குபட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், பள்ளிவாசலை அடுத்திருந்த நெருக்கமான குடியிருப்புகள் அகற்றப்பட்டு, வருவாய் தரும் கட்டட வரிசைகள் எழுந்தன. கூ சல்மா நசுத்தியோன் 2014-இல் வெளியிட்ட, பினாங்குச் சூலியாக்கள் பற்றிய விரிவான நூல் இம்மாற்றத்தை ஆவணங்களின் துணையுடன் விளக்குகிறது. இன்று சுற்றுலாப் பயணிகள் வியந்து நோக்கும் பள்ளிவாசலின் திறந்த முற்றவெளி ஒரு காலத்தில் ஒருவருடைய அடுக்களையாக இருந்திருக்கலாம் என்பது அந்நூலைப் படித்தபின் தோன்றும் எண்ணம்.

அதே நூற்றாண்டு மாற்றத்தில் எழுத்து வழியிலும் ஒரு குரல் உருவாகி வந்தது. 1806-இல் தொடங்கிய ஆங்கிலச் செய்தித்தாளே இத்தீபகற்பத்தின் முதல் செய்தித்தாள். நாகூர் குலாம் காதிறு நாவலர் 1880-களில் பினாங்கில் வித்தியா விசாரிணி என்னும் தமிழ் இதழை நடத்தினார். சிங்கப்பூரில் 1876-இல் தோன்றிய ஜாவி பெரானாக்கான் மலாய் இதழும், 1887-இல் தோன்றிய சிங்கைநேசன் தமிழ் இதழும் இதே தமிழ் முஸ்லிம் சமூகச் சூழலிலிருந்து எழுந்தவையே. நகர நிருவாகத்தில் இடம் பெறாதவர்க்கு இதழின் பக்கம் ஒரு மன்றமாகியது.

வாக்குரிமை பெற்ற நகரம்

நகராண்மைக் கழகத்திற்கு வரி செலுத்துவோர் சிலரைத் தேர்ந்தெடுக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஜார்ஜ்டவுனில் இருந்தது. சொத்துள்ளோர்க்கே அவ்வுரிமை, 1913-இல் அதுவும் நீக்கப்பட்டது. பின்னர் 1951 டிசம்பர் 1-ஆம் நாள் மலாயாவின் முதல் உள்ளூராட்சித் தேர்தல் இந்நகரில்தான் நடந்தது. ஒன்பது இடங்களுக்கு நடந்த அத்தேர்தல், 1955-இன் கூட்டரசுத் தேர்தலுக்கு ஏறத்தாழ நான்காண்டுகள் முற்பட்டது என்பது நோக்கத்தக்கது. மலாயா மக்கள் வாக்குப்பெட்டியை முதன்முதல் கண்டது நாட்டை ஆளுவோரைத் தெரிவதற்காக அன்று. தெருவிளக்கையும் கால்வாயையும் கவனிப்போரைத் தெரிவதற்காகவே.

1957 ஜனவரி 1-ஆம் நாள் ஜார்ஜ்டவுன் மாநகராயிற்று. தொழிற்கட்சியைச் சார்ந்த ஆசிரியர் டி. எஸ். இராமநாதன் 1950-களின் இறுதியில் அதன் மேயராகப் பொறுப்பேற்றார். முன்பு ஸ்காட் சாலை எனப்பட்ட வீதி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வழியே செல்லும் நம் மாணவர்களுள் எத்தனை பேர்க்கு அப்பெயர்க்குரியவர் யார் என்பது தெரியும் என வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம்.

இந்தக் காலம் நீடிக்கவில்லை. இந்தோனேசிய எதிர்ப்பு நடவடிக்கையைக் காரணங்காட்டி 1965-இல் உள்ளூராட்சித் தேர்தல்கள் நாடெங்கும் நிறுத்தப்பட்டன. 1966-இல் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்கள் மாநில முதலமைச்சரிடம் சென்றன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணைக் குழு உள்ளூராட்சியை முழுமையாக ஆராய்ந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே தொடர வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை, 1976-ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது. பினாங்கு மாநிலம் 2012-இல் தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றியதும், 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது எனத் தீர்ப்பளித்ததும் அண்மை நிகழ்வுகள். 2008-க்குப் பின் அரசு சாரா அமைப்பினர் சிலரும் மன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டனர். நல்லவரே நியமிக்கப்பட்டாலும், நியமனம் பெற்றவரைக் குடியிருப்போர் மாற்ற இயலாது.

வாடகைச் சட்டமும் அதன் நீக்கமும்

ஜார்ஜ்டவுனின் பழைய வீதிகள் எவ்வாறு பிழைத்தன என்னும் வினாவுக்கு மரபுரிமை நூல்கள் பலவும் கட்டடக்கலையின் சிறப்பையே விடையாகக் கூறுகின்றன. இவ்விடை முழுமையானதன்று. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அழகிய கடைவீடுகள் இருந்தன. அவற்றுள் மிகப் பல இன்று இல்லை. பினாங்கில் அவை நின்றமைக்கு முதன்மைக் காரணம் வாடகைக் கட்டுப்பாடு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பற்றாக்குறை மிகுந்த காலத்தில் உருவாகி, 1966-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக நிலைபெற்ற இவ்விதிமுறை, 1948 ஜனவரி 31-க்கு முன்னர்க் கட்டப்பட்ட கட்டடங்களுக்குரியது. வாடகையை உயர்த்தவோ குடியிருப்பவரை வெளியேற்றவோ உரிமையாளர்க்கு எளிதில் இயலாது. நாட்டிலேயே இச்சட்டத்திற்கு உட்பட்ட கட்டடங்கள் மிகுந்திருந்த இடம் பினாங்கு. இதன் விளைவு இருவகைப்பட்டது. பழுதுபார்க்கும் செலவு வாடகையைவிட மிகுந்தமையால் உரிமையாளர் கூரையைத் தொடவில்லை. வீடு தமதன்று என்பதால் குடியிருந்தவரும் தொடவில்லை. ஓடு நழுவி மழை ஒழுகியது, உத்திரம் உளுத்தது. இது சட்டத்தின் குறை. அதே சட்டம் மற்றொன்றையும் செய்தது. முதன்மைக் குடியிருப்பாளர் ஒருவர் வீட்டை எடுத்து, அறை அறையாகப் பிறர்க்கு விட்டார். கீழே மளிகைக்கடை, நகைப்பட்டறை, பூக்கடை, அரவை ஆலை. மேலே பலகைத் தடுப்புகளுக்குள் குடும்பங்கள். அஞ்சடியில் பூத்தொடுப்பவரும் மோர் விற்பவரும் இடம் பெற்றனர். வருவாய் குறைந்த தொழில்கள் நகரின் நடுவிலேயே பிழைத்தன. தொழிலாளியின் பிள்ளை நடந்தே பள்ளிக்குச் சென்றது. அந்தக் கட்டடங்களைக் காத்தது அழகுணர்ச்சி அன்று. இடிப்பதால் ஆதாயம் இல்லாத நிலையே அவற்றைக் காத்தது.

1997-இல் இயற்றப்பட்ட நீக்கச் சட்டம் 1999 டிசம்பர் 31 வரை இடைக்காலம் தந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு இல்லை. வாடகை பன்மடங்கு உயர்ந்தது. வெளியேறுமாறு அறிவிப்புப் பெற்றோர் தீவின் அடுக்ககங்களுக்கும் பெருநிலப் பகுதிக்கும் பெயர்ந்தனர். முதியோர்க்கு இப்பெயர்வு மிகக் கடுமையானது. கடன் கொடுக்கும் மளிகைக்கடையும், நடந்து செல்லும் தொலைவிலிருந்த கோயிலும், பேச்சுத்துணையும் ஒரே நாளில் அவர்களுக்கு இல்லாமற் போயின. 'நம்மை நாமே காப்போம்' என்று பொருள்படும் பெயருடன் வாடகைக் குடியினரின் இயக்கமொன்று அக்காலத்தில் எழுந்து, மாற்று வீடும் இழப்பீடும் கோரிப் போராடியது. அறநிலையங்களும் சீனக் குலச்சங்கங்களும் பழைய வீடுகள் பலவற்றின் உரிமையாளர்களாக இருந்தமையின், உரிமையாளர் எல்லோரும் கொடியோர், குடியிருந்தோர் எல்லோரும் ஏழையர் என எளிமையாகப் பிரித்துவிட இயலாது. ஐம்பதாண்டுகளாக ஒரு தலைமுறை உரிமையாளர் ஏனையோரின் வீட்டுச் செலவைச் சுமந்தனர் என்பதும் உண்மையே. ஆயின், அச்சுமையை அரசு ஏற்று, ஏழைக் குடியினர்க்கு நகருக்குள்ளேயே வீடமைத்துத் தந்தபின் சட்டத்தை நீக்கியிருக்கலாம். வரிசை தலைகீழானது.

காலியான வீடுகளுள் சிலவற்றில் உழவாரக் குருவிகள் குடியேற்றப்பட்டன. சாளரங்கள் அடைக்கப்பட்டு, உள்ளே ஈரம் தெளிக்கப்பட்டு, ஒலிப்பெருக்கியில் குருவியின் குரல் ஒலித்தது. அண்டை வீட்டார் முறையிட்டனர்; மரபுரிமை ஆர்வலரும் எதிர்த்தனர். இறுதியில் 2013-ஆம் ஆண்டு முடிவுக்குள் மரபுரிமைத் தளத்திலிருந்து குருவி வளர்ப்பை அகற்ற மாநில அரசு காலக்கெடு விதித்தது.

முறையீட்டின் புதிய வடிவங்கள்

வாக்கு இல்லாத காலத்தில் குடியிருப்போர் வேறு வழிகளை நாடினர். எஸ். எம். முகம்மது இத்ரீஸ் நெடுங்காலம் தலைமை தாங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், தனிமனிதர் கொண்டு வந்த முறையீட்டைப் பதிந்து, விசாரித்து, நாளிதழ்க் கடிதமாகவும் தன் சொந்தச் செய்தித்தாளாகவும் வெளியிடும் முறையை வளர்த்தது. நான்கு மொழிகளில் இயங்கிய அச்சங்கம் தமிழ் மட்டுமே அறிந்தவரின் குறையையும் ஏற்றுக் கொண்டது குறிப்பிடத்தக்கது. 1986-இல் பினாங்கு மரபுரிமை அறக்கட்டளை தோன்றியது. 1990-91-இல் பினாங்குக் கொடிமலையில் பெருந்திட்டமொன்றை நிறைவேற்றும் முயற்சி எழுந்தபோது, பல அமைப்புகள் ஒன்றுகூடி மக்களிடம் கையொப்பம் திரட்டி அதனைத் தடுத்து நிறுத்தின. அறக்கட்டளையும் ஸ்டார் பதிப்பகமும் இணைந்து 2001-02-இல் நடத்திய 'பினாங்குக் கதை' ஆய்வரங்குகளில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், சிறுபான்மையர் எனச் சமூகந்தோறும் தனிக் கூட்டங்கள் நடைபெற்றன. பேராசிரியரோடு முதிய குடும்பத்தினரும் தம் வீட்டு ஆவணங்களோடு வந்தமர்ந்தனர்.

பட்டியலுக்குப் பின்

2008-இல் யுனெஸ்கோ ஏற்ற தளத்தின் மையப்பகுதி 109.38 ஹெக்டேர், அதனைச் சூழ்ந்த காப்புப்பகுதி 150.04 ஹெக்டேர். ஏற்பிற்குரிய காரணங்கள் மூன்று. அவற்றுள் ஒன்று, பல சமயங்களும் மொழிகளும் விழாக்களும் உயிரோடு இயங்கும் சான்றாக இந்நகரங்கள் விளங்குகின்றன என்பது. இக்காரணம் சுவரைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வெள்ளித்தேர் தைப்பூச முன்னாள் பினாங்கு வீதியிலிருந்து புறப்படும்போது, தேங்காய் உடைக்க வாயிலில் நிற்கும் வீட்டார் இருத்தல் வேண்டும்.

பட்டியலில் ஏறிய சில மாதங்களிலேயே உயர்ந்த தங்கும்விடுதித் திட்டங்கள் நான்கு பற்றிய சர்ச்சை எழுந்தது. கட்டட உயரம் 18 மீட்டரைத் தாண்டலாகாது என்னும் வரையறை அப்போது உலகச் செய்தியாயிற்று. 2010-இல் மரபுரிமைத் தளத்திற்கென நிருவாக நிறுவனம் அமைந்தது. 2016-இல் சிறப்புப் பகுதித் திட்டம் அரசிதழில் வெளிவந்தது. உயரத்திற்கு அளவுகோல் உண்டு, ஓட்டுக்கும் சுண்ணாம்புக்கும் விதி உண்டு. குடியிருப்போர் இத்தனை பேர் இருக்க வேண்டும், குறைந்தால் தகுதிக்கு ஊறு என்று கூறும் அளவுகோல் இல்லை. எண்ணிப் பார்த்தவர் உண்டு: 2009-இல் தளத்திற்குள் 10,000-க்குச் சற்று மேற்பட்டோர் குடியிருந்தனர், 2013-இல் அத்தொகை சுமார் 9,400 ஆயிற்று. நான்கே ஆண்டுகளில் நேர்ந்த இக்குறைவு, சுவரோவியங்களைக் காணப் பயணிகள் திரண்ட அதே காலத்தில் நிகழ்ந்தது.

தமிழர்க்கு இக்காலத்தின் நினைவு வேறோர் இடத்தோடும் பிணைந்தது. தளத்தின் எல்லைக்கு வெளியே, குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலா என்னும் தமிழர் சிற்றூர், பழைய பிரவுன் தோட்டத் தொழிலாளரின் வழிவந்தோர் மாடும் தோட்டமுமாக வாழ்ந்த இடம். நிலம் விற்கப்பட்டிருந்தது, நிலம் தம் முன்னோர்க்கென ஒதுக்கப்பட்டது என்னும் குடியிருப்போரின் வாதம் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை, 2009-இல் இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டன. மரபுரிமைத் தகுதி கிடைத்து ஓராண்டே ஆகியிருந்தது. ஒரே தீவில், சட்டம் காத்த மரபுக்கும் காவாத மரபுக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவே. அவ்வூரில் வீதி அழகோ முகப்பழகோ இல்லை. இருந்தது குடியிருப்பு மட்டுமே.

தமிழ்ச் சான்றுகள்

இவ்வரலாற்றின் தமிழ்ப் பக்கம் இன்னும் முறையாக எழுதப்படவில்லை. நில ஆவணங்களும் ஆங்கில இதழ்களும் பயன்பட்ட அளவுக்குத் தமிழ் நாளிதழ்கள் பயன்படவில்லை. தமிழ் நேசன் 1924 முதல் 2019 வரை வெளிவந்தது. தமிழ் முரசு 1935 முதல் வருகிறது. இத்தகைய நாளிதழ்களில் வழக்கமாக இடம்பெறும் சங்கக் கூட்ட அறிவிப்பு, கோயில் திருப்பணி வேண்டுகோள், கடை இடமாற்ற விளம்பரம், துக்கச் செய்தி ஆகியவற்றை ஆய்வாளர் துணுக்கு எனத் தள்ளிவிடுகின்றனர். துக்கச் செய்தியில் வீட்டு எண்ணும் தெருப்பெயரும் இருக்கும். ஒரு தெருவில் யார் எப்போது வரை குடியிருந்தனர் என்பதற்கு அதைவிட நேரான சான்று அரிது.

பள்ளியளவில் இதற்கு முன்மாதிரியும் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் ஜார்ஜ்டவுனில் நடந்த 'அனாக்-அனாக் கோத்தா' திட்டத்தில் சிறுவர்கள் தெருத்தெருவாகச் சென்று கைவினைஞரையும் முதியோரையும் நேர்கண்டு, கேட்டவற்றை நாடகமாகவும் படமாகவும் ஆக்கினர். தமிழ்ப்பள்ளிகளும் இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்புகளும் இதனைச் சிறிய அளவில் செய்யலாம். கடைத்தெரு எனத் தமிழர் வழங்கிய லெபோ பாசார் ஒன்றே போதும். கதவிலக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள்: 1999 டிசம்பரில் கீழே என்ன கடை, மேலே எத்தனை குடும்பம், அவர்கள் எங்கே பெயர்ந்தனர், இன்று மேலே யார். அன்று முப்பது வயதிலிருந்தவர்கள் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்தாஜாமிலும் பாயான் லெப்பாசிலும் அவர்களைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கும்.